அடுத்தவன் பாட்டு

அப்பாவின் பழைய காடியில் ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட் இருந்தது. பாதிக்கு மேல் ஒரே மாதிரி: ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஏ பக்கம் ஊருக்கே தெரிந்த இளையராஜா படம். பி பக்கம் வந்த சுவடே தெரியாமல் போன ஏதோ ஒன்று. கேசட் போட்டவருக்கு நாடாவை நிரப்பியாக வேண்டும், அவ்வளவுதான். கூலாயிலிருந்து சிகாமட் பாட்டி வீட்டுக்குப் போகும்போது ஏ பக்கம் முடிந்ததும் அப்பா திருப்பிப் போடமாட்டார். ரிவைண்ட் பண்ணி மறுபடி ஏ பக்கமே ஓடும். எங்கள் வீட்டுப் பி பக்கங்கள் கடைசிவரை புத்தம் புதுசாகவே இருந்தன.

பங்க் இசையில் இதே ஏற்பாட்டுக்கு 'ஸ்பிளிட்' என்று பெயர். ஒரு தட்டு, இரண்டு குழு, பக்கத்துக்கு ஒருவர். முதல் காரணம் காசு. ஏழு அங்குல வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்கள்தான் கொள்ளும். ஒன்றரை நிமிடப் பாட்டு எழுதும் குழுவுக்கு அது தாராளம். அச்சடிக்கும் செலவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இந்த ஊர்க் குழுவின் தட்டை வாங்கியவன் அந்த ஊர்க் குழுவையும் கேட்டுவைப்பான். வானொலி, விளம்பரம், பெரிய கம்பெனி எதுவும் கைகொடுக்காத இசைக்கு ஸ்பிளிட்தான் தபால் சேவை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் வந்திருக்கின்றன. ஆனால் நான் கேட்டவரை பெரும்பாலானவை அப்பாவின் கேசட் மாதிரிதான். தாமான் வரிசை வீடுகள்போல, சுவர் பொது, குடித்தனம் வேறு. பக்கத்து வீட்டில் யார் என்று இருவருக்கும் அக்கறை இல்லை.

இந்த வழக்கத்தை மீறிய ஒரு தட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. 2002 மார்ச்சில் பி.ஒய்.ஓ. ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. பெயரில் கவிதை எதுவும் கிடையாது: 'பி.ஒய்.ஓ. ஸ்பிளிட் சீரிஸ், மூன்றாம் தொகுதி'. ஒரு பக்கம் நோஎஃப்எக்ஸ், மறுபக்கம் ரான்சிட். ஆளுக்கு ஆறு பாட்டு, மொத்தம் பன்னிரண்டு, சுமார் அரை மணி நேரம். விஷயம் என்னவென்றால், யாரும் தன் பாட்டைப் பாடவில்லை. நோஎஃப்எக்ஸ் பாடுவது ஆறும் ரான்சிட்டின் பாட்டு. ரான்சிட் பாடுவது ஆறும் நோஎஃப்எக்ஸின் பாட்டு.

பி.ஒய்.ஓ. என்பது யூத் பிரிகேட் குழுவின் ஸ்டெர்ன் சகோதரர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் நடத்திய நிறுவனம். இந்த வரிசையின் முதல் தட்டு 1999இல் வந்தது. இங்கிலாந்தின் லெதர்ஃபேஸ், ஃபுளோரிடாவின் ஹாட் வாட்டர் மியூசிக் இரண்டும் அதில் இருந்தன. அது நல்ல தட்டு. மூன்றாவது தட்டு நல்ல தட்டா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வேன். இரண்டு குழுவின் ஆகச் சிறந்த வேலை இதில் இல்லை. ஆனால் ஒரு பாட்டைக் கேட்பது என்றால் என்ன, ஒரு படைப்பை விமர்சிப்பது என்றால் என்ன என்ற கேள்விகளை இந்த அளவுக்கு எனக்குள் கிளறிவிட்ட தட்டு வேறு இல்லை.

பின்னணி கொஞ்சம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பங்க் இன்னும் வேகமாகி, கோபமாகி, ஹார்ட்கோர் ஆனது. மெட்டு தேய்ந்து டிரம்ஸும் கத்தலும் மிஞ்சின. அந்த வேகத்தை விடாமலேயே மெட்டைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் டிசென்டன்ட்ஸ், பேட் ரிலிஜன் போன்றவர்கள். பேட் ரிலிஜனின் 1988 ஆல்பமான 'சஃபர்' இந்த வகைக்கு ஓர் இலக்கணம்போல. ரயில் வேகத்தில் டிரம்ஸ், அதற்கு மேலே தேவாலயத்தில் பாடுவதுபோல அடுக்கடுக்காகக் குரல்கள். மெலடிக் ஹார்ட்கோர் என்பது இதுதான். நோஎஃப்எக்ஸ் இந்தப் பள்ளிக்கூடத்தின் குறும்புக்கார மாணவன். 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய குழு. சுத்தமான குரல் அடுக்கு, மின்னல் வேகம், எதையும் சீரியஸாக எடுத்துக்கொள்ளாத வாய். பேஸ் வாசித்துப் பாடும் ஃபேட் மைக் எழுதும் வரிகளில் பாதி கேலி, மீதிப் பாதி கேலியாக வேஷம் போட்ட துக்கம்.

ரான்சிட்டை இந்த வகையில் சேர்க்கலாமா என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். 1991இல் பெர்க்லியில் தொடங்கிய குழு. டிம் ஆர்ம்ஸ்ட்ராங், மேட் ஃப்ரீமன் இருவரும் அதற்கு முன் ஆபரேஷன் ஐவியில் ஸ்காவும் பங்கும் கலந்தவர்கள். ரான்சிட்டின் வேர் லண்டன் தெருவில், கிளாஷ் பக்கம் இருக்கிறது. டிம்மின் குரல் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். சொற்களின் ஓரங்கள் எல்லாம் கரைந்துவிடும். ஆனால் 2000இல் வந்த அவர்களின் ஆல்பத்தில் 22 பாட்டு, எல்லாம் நாற்பது நிமிடத்துக்குள். அதைக் கேட்டவர்கள் அவர்களை ஹார்ட்கோருக்கு வெளியே நிறுத்தமாட்டார்கள். ஆக ஒரு பக்கம் சிரிப்பு, மறுபக்கம் தழும்பு. இருவரும் எபிடாஃப் நிறுவனத்தில் இருந்தவர்கள். 1994இல் நோஎஃப்எக்ஸின் 'பங்க் இன் டிரப்ளிக்', ரான்சிட்டின் 'லெட்ஸ் கோ' இரண்டும் அங்கிருந்தே வந்தன. ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். அதனால்தான் இந்தத் தட்டு சாத்தியமானது.

முதலில் நோஎஃப்எக்ஸ் பக்கம். ரான்சிட்டின் 'ஒலிம்பியா' பாட்டு, நியூயார்க் தெருமுனையில் நிற்கும் ஒருவன் நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஓர் ஊரையும் ஓர் ஆளையும் நினைப்பது. மூலத்தில் டிம் அதைக் கால் தேய்த்து நடப்பதுபோலப் பாடுவார். நோஎஃப்எக்ஸ் அதன் அழுக்கையெல்லாம் துடைத்து, வேகம் கூட்டி, குரல் அடுக்குப் போட்டுத் தருகிறது. முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சல். ஏக்கத்தைக் கொண்டுபோய் இப்படி ஓட விடலாமா? நாலைந்து தரம் கேட்ட பிறகுதான் உறைத்தது, இந்த மெட்டு இவ்வளவு அழகானது என்று மூலத்தைக் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. டிம்மின் குரல் மெட்டை மறைத்துவைத்திருந்தது. மறைத்ததுதான் அதன் ருசி என்பதும் உண்மை. ஆனால் மறைந்திருந்தது எது என்று காட்ட இன்னொரு குழு தேவைப்பட்டது.

இந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ரேடியோ'. இதன் கதை சுவாரஸ்யமானது. 1993இல் ரான்சிட் இதை முதலில் வெளியிட்டது ஃபேட் ரெக் கார்ட்ஸ் என்ற நிறுவனத்தில். அது ஃபேட் மைக்கின் சொந்த நிறுவனம். அதாவது இந்தப் பாட்டு அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் உலகத்துக்குப் போனது. வேறு எதுவும் கைகொடுக்காத ஒரு பையனை இசை காப்பாற்றிய கதை அது. மூலத்தில் மூச்சுவிடாமல் பாயும். ஒன்பது வருஷம் கழித்து நோஎஃப்எக்ஸ் அதை நிதானமான ரெகேவாக ஆக்கிவிட்டது. உலகத்தின் மிக வேகமான குழுக்களில் ஒன்று, ரான்சிட்டின் வேகமான பாட்டு ஒன்றை எடுத்து உட்கார வைத்துவிட்டது. முதல் கேட்பில் இது வழக்கமான கிண்டல்போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரான்சிட்டின் ரத்தத்தில் ரெகேயும் ஸ்காவும் எப்போதும் உண்டு. 'ரேடியோ'வில் மட்டும் அது வெளியே வரவில்லை. நோஎஃப்எக்ஸ் 'இது உங்க பாட்டுக்குள்ளயே இருந்துச்சு, நீங்கதான் கவனிக்கல' என்று சொல்கிறது. ஒரு விமர்சகன் பத்துப் பக்கத்தில் சொல்வதை மூன்று நிமிடத்தில் வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

ரான்சிட் பக்கம் வேறு கதை. நேர்மையாகச் சொன்னால், அதில் சில பாட்டுகள் சோம்பேறித்தனமாக இருக்கின்றன. 'ஸ்டிக்கின் இன் மை ஐ'யை எடுத்து, அப்படியே ரான்சிட் குரலில் பாடிவிட்டுப் போகிறார்கள். புதிதாக எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நோஎஃப்எக்ஸின் குரல் அடுக்கை எடுத்துவிட்டால் சில பாட்டுகளில் மிஞ்சுவது கம்மி என்பதும் தெரிகிறது. அதுவும் ஒரு விமர்சனம்தான், ஆனால் தெரிந்து செய்த விமர்சனம் இல்லை. தட்டின் இரண்டு பக்கமும் ஒரே எடையில் இல்லை என்பது என் முதல் குறை.

ஆனால் மூன்று பாட்டுகள் இந்தப் பக்கத்தைக் காப்பாற்றுகின்றன. ஒன்று 'பாப்'. குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்ட, தலையை மழித்துத் தெருவில் சண்டை போட்டுத் திரிந்த ஓர் ஆளின் கதை. ஃபேட் மைக் பாடும்போது அது ஒரு வேடிக்கை மனிதனின் சித்திரம். நாம் தூரத்திலிருந்து பார்த்துச் சிரிக்கலாம். குடியிலிருந்து மீண்டு வந்தவர் டிம் ஆர்ம்ஸ்ட்ராங் என்பது பலருக்கும் தெரிந்தது. அவருடைய குழு அதே சொற்களைப் பாடும்போது தூரம் காணாமல் போகிறது. பாப் நமக்குத் தெரிந்த ஆளாகிவிடுகிறான். சிரிப்பு வருகிறது, ஆனால் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, 'தி ப்ரூஸ்'. இந்தத் தட்டின் உச்சம் இதுதான் என்பேன். நோஎஃப்எக்ஸ் 1994இல் எழுதியபோது இது ஒரு நையாண்டி. ஃபேட் மைக் யூதர். முரட்டு ஸ்கின்ஹெட்கள் கைகோத்துக் கத்திப் பாடும் தெருப்பாட்டு வகையை அப்படியே எடுத்து, பாடுகிறவர்களை யூத முரடர்களாக மாற்றிவிட்டார். பூட்ஸும் தோள்பட்டையும் இருந்த இடத்தில் யூத வீட்டுச் சொற்கள். கேலி இரண்டு பக்கமும் வெட்டும். முரட்டுப் பாட்டையும் கேலி செய்கிறது, தன் ஆட்கள் பயந்தவர்கள் என்ற பழைய வசையையும் கேலி செய்கிறது. வீட்டு ஆள் வீட்டுக்குள் அடிக்கும் ஜோக்.

அந்த ஜோக்கை இப்போது ரான்சிட்டின் கையில் கொடுத்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள். ரான்சிட் அந்த முரட்டுத் தெருப்பாட்டு வகையை உண்மையிலேயே நேசிக்கிற குழு. கேலி செய்யப்பட்டவன் கையிலேயே கேலியைக் கொடுத்துப் பாடச் சொன்ன மாதிரி. அவர்கள் கண் சிமிட்டவே இல்லை. முழு நம்பிக்கையோடு, கூட்டமாகக் கத்திப் பாடுகிறார்கள். விளைவு அபாரம். நையாண்டி கழன்று விழுந்து, உள்ளே இருந்த உண்மையான பெருமிதப் பாட்டு வெளியே வருகிறது. எழுதியவனே கேலி என்று நினைத்து எழுதியதில் ஒரு கீதம் ஒளிந்திருந்தது என்பதை வெளியாள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, 'டோன்ட் கால் மீ வைட்'. வெள்ளையன் என்ற பெயரோடு வரும் பட்டியலில் என்னைச் சேர்க்காதே என்று ஒருவன் முறுக்கிக்கொள்ளும் பாட்டு. எழுதிய நாளிலிருந்து விவாதம் உண்டு. அந்தப் பெயரால் கிடைக்கும் வசதிகளை அனுபவித்துக்கொண்டே பெயர் மட்டும் வேண்டாம் என்பது எளிது என்று ஒரு தரப்பு. ஜொகூரில் உட்கார்ந்து கேட்கும் எனக்கு இரண்டு தரப்பும் புரிகிறது. பள்ளிப் பதிவிலிருந்து வேலை விண்ணப்பம் வரைக்கும் 'பங்சா' என்ற கட்டத்தில் டிக் போட்டு வளர்ந்த ஆள் நான். மலாய், சீனர், இந்தியர், லாயின் லாயின். அந்தக் கட்டத்தைக் கிழித்துப் போட வேண்டும்போல இருந்த நாட்கள் உண்டு. அந்தக் கட்டத்தை வைத்துத்தான் என் மொழிப் பள்ளிக்கூடத்துக்காகப் பேச வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். ரான்சிட் இந்தப் பாட்டைக் குழப்பமே இல்லாமல், ஒரு சாதாரண எதிர்ப்புப் பாட்டுபோலப் பாடுகிறது. இங்கே எனக்கு மூலம்தான் பிடிக்கிறது. ஃபேட் மைக்கின் குரலில் ஓர் அசௌகரியம் இருக்கும். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியாத குரல் அது. அந்தச் சந்தேகத்தை எடுத்துவிட்டால் பாட்டு தட்டையாகிவிடுகிறது.

ஆக இந்தத் தட்டு எனக்குச் சொன்னது இது: அடுத்தவன் பாட்டைப் பாடும்போது நாம் கேட்டது எது, கேட்கத் தவறியது எது இரண்டும் வெளியே தெரிந்துவிடும். மறைக்க முடியாது. விமர்சனக் கட்டுரையில் மறைக்கலாம். நாலு பெரிய சொல்லைப் போட்டுப் படிக்காத புத்தகத்தைப் படித்ததாகக் காட்டலாம். பாடிக் காட்டு என்றால் தப்பிக்க வழியில்லை.

நமக்கு இது புது விஷயமும் இல்லை. கிராமத்து எசப்பாட்டில் எதிராளியின் மெட்டைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகை லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு தரப்பு. மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாடுவார்கள். எதிர்க்கட்சியின் வாதத்தை அவர்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவன்தான் அங்கே ஜெயிக்கிறான். ஸ்பிளிட் தட்டு போடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோர் கிடையாது.

மலேசியாவிலும் நல்ல உதாரணங்கள் உண்டு. பினாங்கின் ஆலிகேட்ஸ் குழுவில் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் மலாய்ப் பாட்டுகளைப் பாடினார்கள். 2007இல் லோகநாதன் இறந்தபோது வருந்தியவர்கள் எல்லா இனத்திலும் இருந்தார்கள். போயட்டிக் அம்மோ 1998இல் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரே தட்டில் பல மொழிகளில் ராப் செய்தது. அதே குழுவின் யோகி பி, நட்சத்திராவோடு 2006இல் 'வல்லவன்' ஆல்பம் போட்டபோது, 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாட்டை எடுத்துக்கொண்டார். 1980இல் சென்னையில் ஓர் இசைக் கலைஞனின் கனவாக இருந்த பாட்டு, கோலாலம்பூர்ப் பையன்களின் அறிவிப்பாக மாறியது. தமிழ்நாட்டில் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பாட்டை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்ட ஒருவரால்தான் அதைச் செய்திருக்க முடியும்.

பங்க் பக்கம் வந்தால், 1991இல் தொடங்கிய கார்புரேட்டர் டங், அதன் ஜோ கிட், அம்பாங்கின் ரூமா அப்பி என்று இந்நாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 28 இரவு, பெர்சே 4 பேரணிக்கு முந்தின நாள், ரூமா அப்பியில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது போலீஸ் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. கருப்புச் சட்டை போட்ட இளைஞர் கூட்டம் என்றால் இங்கே சந்தேகம்தான். நம் பையன்கள் உறுமி மேளத்தோடு தெருவில் இறங்கும்போதும் அதே பார்வைதான் விழுகிறது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பார்வை விழுகிறது என்பது இரண்டு கூட்டத்துக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஸ்கூடாயில் படித்த காலத்தில் நான் ஒரு குழுவில் பேஸ் வாசித்தேன். நாலு பேர், எல்லோரும் தமிழ்ப் பையன்கள், தமிழில் பாட்டு. பக்கத்து லோரோங்கில் வாடகைக்கு இருந்த மலாய் நண்பர்கள் இன்னொரு குழு. இரண்டு குழுவும் காசு போட்டு ஐம்பது கேசட் அடித்தோம். ஏ பக்கம் அவர்கள், பி பக்கம் நாங்கள். வெளியீட்டு நாளில், ஒரு கடைவீட்டு மாடியில் முப்பது பேருக்கு முன்னால், அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் பாட்டு ஒன்றை வாசித்தார்கள். அவர்களின் பாடகன் ரூமி எழுத்தில் தமிழ்ச் சொற்களை எழுதிவைத்து இரண்டு வாரம் பயிற்சி செய்திருந்தான். 'வாழ்க்கை' என்ற சொல் பல்லவியில் நாலு தரம் வரும். அவன் வாயில் 'வால்கே' என்று வந்தது.

நாங்கள் சிரித்தோம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வாய்விட்டுச் சிரித்தோம், அவ்வளவுதான். அவனும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. நாங்கள் அவர்கள் பாட்டு ஒன்றைக்கூடக் கற்றுக்கொண்டு போகவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. அந்தக் கேசட்டில் ஏ பக்கத்தை நான் முழுசாகக் கேட்டது எத்தனை தரம் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பாவாவது ஏ பக்கத்தை மட்டும் கேட்டார். நான் பி பக்கத்தை மட்டும் கேட்டேன்.

ரான்சிட்டின் 'தி ப்ரூஸ்' எனக்கு உச்சமாகத் தெரிவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்த யூத வீட்டுச் சொற்களை உச்சரிப்பு பிசகாமல் பாடினார்களா என்று ஃபேட் மைக் சோதித்திருப்பாரா? தன் வீட்டு ஜோக்கை வெளியாளிடம் கொடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். வாங்கிப் பாடுகிறவனுக்கு அதைவிடத் துணிச்சல் வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பாடகனிடம் அது இருந்தது. எங்களிடம்தான் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஸ்பிளிட்டையும் சொல்ல வேண்டும். 2010இல் நோ ஸ்லீப் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. கலிஃபோர்னியாவின் டூஷே அமோரே, மிஷிகனின் லா டிஸ்பூட் சேர்ந்து போட்ட ஏழு அங்குலத் தட்டு, நாலு பாட்டு. டூஷே அமோரே நறுக்குத் தெறித்ததுபோலப் பாடி முடித்துவிடும் குழு. அவர்களின் 2011 ஆல்பத்தில் 13 பாட்டு சேர்ந்தே இருபது நிமிடத்தைச் சுற்றித்தான் வரும். லா டிஸ்பூட் கதை சொல்லும், அழும், பேச்சும் பாட்டுமாக இழுத்துக்கொண்டு போகும். இங்கே பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு குழுவின் பாடகர் அடுத்த குழுவின் பாட்டுக்குள் நுழைந்து குரல் கொடுக்கிறார். ஒருவன் கத்திக்கொண்டிருக்கும்போது கூட இன்னொரு தெரிந்த குரல் சேர்ந்தால் கத்தல் உரையாடலாகிவிடுகிறது. உணர்ச்சியில் இது 2002 தட்டைவிட ஆழமானது என்று என் நண்பர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருந்தாளியாகப் போய் நாலு வரி பாடுவது ஒன்று. வீட்டுக்காரன் இல்லாத நேரத்தில் அவன் சமையலறையில் நின்று அவன் குழம்பை வைப்பது வேறு. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தட்டின் இரண்டாவது குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு குழுவும் ஒரே மாநிலம், ஒரே வட்டம், ஒரே நிறுவனத்தில் இருந்தவர்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கும் பெர்க்லிக்கும் நடுவில் ஒரு விரிகுடா, ஒரு பாலம், அவ்வளவுதான். நட்பு ஏற்கனவே இருந்தது. தெரியாதவன் பாட்டை, பிடிக்காதவன் பாட்டைப் பாடிப் பார்க்கும் சிரமம் இதில் இல்லை. ஆறும் அவரவர் தேர்ந்தெடுத்த பாட்டு என்பதால் கடினமானவற்றைத் தவிர்க்கவும் முடிந்தது. ரான்சிட் நோஎஃப்எக்ஸின் 18 நிமிட 'தி டிக்லைன்' பக்கமே போகவில்லை. அதைத் தொட்டிருந்தால் இது வேறு தட்டாக இருந்திருக்கும்.

இதை இலக்கிய வாசகர்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நம் சூழலும் ஸ்பிளிட் தட்டுகளால் நிறைந்தது. ஒரே நூலில் பத்துப் பேர் கதை, ஒரே மேடையில் இரண்டு குழு, ஒரே நாட்டில் நாலு மொழி இலக்கியம். எல்லாம் ஒரே பிளாஸ்டிக்கில்தான் இருக்கின்றன. யார் யாரைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறோம்? மலேசியத் தமிழ்க் கதைகளை மலாய் வாசகன் படிக்கவில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் குறைபட்டுக்கொள்கிறோம். நியாயமான குறை. நாம் கடைசியாகப் படித்த மலாய்ச் சிறுகதை எது என்று அதே கூட்டத்தில் கேட்டால் பள்ளிப் பாடப்புத்தகத்தைத் தாண்டி எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? நமக்குள்ளேயே, பிடிக்காத முகாமின் எழுத்தாளரைத் திட்ட நூறு பேர் இருக்கிறோம். அவருடைய ஒரு கதையை எடுத்து, 'இதை நான் எழுதினால் எப்படி வரும்' என்று எழுதிப் பார்க்க ஒருவரும் இல்லை. எழுதிப் பார்த்தால் இரண்டில் ஒன்று நடக்கும். 'ரேடியோ'வில் நடந்ததுபோல அவருக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடிப்போம். அல்லது 'ஸ்டிக்கின் இன் மை ஐ'போல நம் காது எவ்வளவு மந்தம் என்று தெரிந்துகொள்வோம். இரண்டுமே லாபம்தான்.

நோஎஃப்எக்ஸ் 2024 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் கடைசிக் கச்சேரி நடத்தி, நாற்பது வருஷக் கதையை முடித்துக்கொண்டது. அந்த வாரம் இந்தத் தட்டை மறுபடி கேட்டேன். இனி ஃபேட் மைக்கின் குழு அந்தப் பாட்டுகளை வாசிக்கப்போவதில்லை. அடுத்தவர்கள்தான் வாசிக்க வேண்டும். அந்த வகையில் ரான்சிட் 2002லேயே முன்பதிவு செய்துவிட்டது.

அதே வாரம் பழைய ஷூ பெட்டியிலிருந்து எங்கள் கேசட்டைத் தேடி எடுத்து ஏ பக்கத்தைப் போட்டேன். அவர்களின் மூன்றாவது பாட்டை பேஸில் வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். மலாய்ச் சொற்களில் எனக்குச் சிரமம் இல்லை, இந்த ஊர்க்காரன்தானே. சிரமம் வேறு இடத்தில். இரண்டாவது சரணத்துக்குப் போகும் இடத்தில் பேஸ் ஒரு தட்டு தாமதமாக நுழைகிறது. இத்தனை வருஷமும் அதைப் பிசகு என்று நினைத்திருந்தேன். வாசித்துப் பார்த்தால்தான் தெரிகிறது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறான். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.